புஸ் ஒழிப்பு

மனித குலத்துக்கு நெருப்பைத் தந்தவர் யாரென்று தெரியாது. மின்சாரத்தை மிச்சம் பிடித்துத் தந்தவர் யாரென்று தெரியும்: எங்கள் தொழிற்சாலை இயக்குநர். அவர் அமைத்த 'ஆற்றல் சேமிப்பு உயர்மட்டக் குழு'வின் செயலாளர் என்ற முறையில், இந்த வரலாற்றைப் பதிவு செய்யும் பாக்கியம் எனக்கு வாய்த்தது.

குழந்தைகளுக்கான பொடி மருந்தைப் பாட்டிலில் அடைப்பது எங்கள் தொழில். ஊதி அடைப்பது கம்ப்ரஸர் எந்திரம் அழுத்தித் தரும் காற்று. காற்றில் ஈரமிருந்தால் பொடி கட்டிதட்டிவிடும். அதற்காகவே காற்றை உலர்த்தும் ஒரு டிரையர். அதில் இரண்டு உருளைகள். ஒன்று காற்றின் ஈரத்தை உறிஞ்சும். மற்றது, தான் முன்பு உறிஞ்சியதைக் கொஞ்சம் உலர்ந்த காற்றால் 'புஸ்' என்று வெளியே தள்ளும். பிறகு முறை மாறும்.

குழுவோடு வந்த இயக்குநர் அந்தப் 'புஸ்'ஸைக் கேட்டுத் திடுக்கிட்டு நின்றார். பக்கத்தில், எந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டர். அவர் என் அக்கா வீட்டுக்காரர். வாய் அடங்காத மனுஷன்.

"இது ஏன்யா பெருமூச்சு விடுது?"

"குடிச்ச ஈரத்தைக் கக்குது சார்."

"காசு போட்டு அழுத்தின காத்து! அந்த உருளை வேலை செய்யுது, இது மட்டும் ஏன் சும்மா நிக்குது?"

"சும்மா இல்ல சார், அடுத்த முறைக்குத் தயாராகுது."

"தயாராகுறதை வீட்லயே முடிச்சுட்டு வரச் சொல்லு!"

குழு கைதட்டியது. ஈரம் சேர்ந்தால் மட்டும் ஊதவைக்கும் சென்சார் ஒன்று விற்கிறதாம். விரயம் பாதியாகக் குறையுமாம். பாதி வெற்றியில் திருப்தியடையும் அற்பர்கள் அதை வாங்கிக்கொள்ளட்டும். நாங்கள் 'புஸ்' வரும் வழியையே அடைத்தோம்.

மின்சாரச் செலவு உடனே இறங்கியது. கேக் வெட்டினோம். அதற்குள் இரண்டு உருளைகளும் வயிறு முட்ட ஈரம் குடித்துவிட்டன. பாட்டிலில் பொடிக்குப் பதில் உருண்டை விழுந்தது. எந்திரங்கள் வரிசையாக நின்றன. நின்ற எந்திரம் மின்சாரம் எடுக்காதல்லவா? சேமிப்பு மேலும் உயர்ந்தது.

இருந்தாலும் விசாரணை என்று ஒன்று வேண்டுமே.

"காத்துல தண்ணி எப்படி வந்துச்சு?" என்றார் இயக்குநர்.

"காத்துல எப்பவும் இருக்கு சார்," என்றார் பிட்டர்.

"அது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சும் உள்ளே விட்டிருக்கே!"

குற்றம் 'ஐயம் திரிபற' நிரூபணமாயிற்று. வெளியே வந்த மாமா என் தோளைப் பிடித்துக்கொண்டார். "மாப்ளே, பெரியவ இப்பதான் காலேஜ் சேரப் போறா. உங்க அக்காகிட்ட நீயே சொல்லிடு. எனக்கு வாய் வராது."

அந்த மனுஷனுக்கா வாய் வராது! எனக்கு வயிறு எரிந்தது. உயர்மட்டக் குழுச் செயலாளருக்கு வயிறு எரியக் கூடாது. அதுவும் ஆற்றல் விரயம்தான்.

பணிநீக்க ஆணையை அடிக்க வேண்டியவனும் நானே.

"காரணம் என்ன போடட்டும் சார்?"

"அலட்சியம்."

"யாரோட அலட்சியம்னு..."

"வளவளன்னு எழுதிக் காகிதத்தை வீணாக்காதே. சிக்கனமா எழுது!"

சிக்கனமாகவே எழுதினேன், முற்றுப்புள்ளி வேண்டிய இடத்தில் ஒரு காற்புள்ளி வைத்து. அவரும் நேரத்தை மிச்சம் பிடித்து, படிக்காமலே கையெழுத்திட்டார். இப்போது அறிவிப்புப் பலகையில் அது தொங்குகிறது:

பிட்டர் இன்று முதல் பணிநீக்கம்.
காரணம்: அலட்சியம்,
இயக்குநர்.

இவ்வளவு நேர்மையான ஆணையை நான் கண்டதில்லை. குற்றவாளியே கையெழுத்திட்டிருக்கிறார்.