எட்டு கப்பில் ஒட்டிய கப்பு இரண்டு

நிகழ்தகவுப் பாடத்தைப் பாதியில் விட்டவன் அதை வீட்டில் சோதித்துப் பார்க்கக் கூடாது. நான் பார்த்தேன். அதுவும் தங்கச்சி சுதாவைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு.

அப்பாவுக்கு விருத்தாசலத்தில் பீங்கான் சூளையில் வேலை. (எங்கள் ஊரில் சூளைக்காரர் வூட்டில்தான் உருப்படியான கப்பு இருக்காது. கழித்துப் போட்டதெல்லாம் எங்களுக்குத்தான்.) ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து ஆறு பேர் வருகிறார்கள். போட்டோவிலேயே சுதாவுக்கு மாப்பிள்ளையைப் பிடித்துப்போயிருந்தது. வீட்டில் நல்ல கப்பு சரியாக ஆறு.

"போதுமேம்மா," என்றேன்.

"ஆறு பேருக்கு ஆறே கப்பா? எண்ணி வெச்ச மாதிரி இருக்குமேடா! எட்டா வை."

காது உடைந்த இரண்டு கப்புக்குப் பசை போட்டுக் காதை ஒட்டினேன். சூடு பட்டால் நிற்குமா? அங்கேதான் என் மூளை வேலை செய்தது. அரசு வேலைத் தேர்வுக்கு நானாகவே படித்துக்கொண்டிருந்த காலம். தாளை எடுத்துக் கட்டம் போட்டேன். நீலப்பூ: நல்லது நான்கு, ஒட்டியது ஒன்று. வெள்ளை: நல்லது இரண்டு, ஒட்டியது ஒன்று. எட்டில் இரண்டு, அதாவது நாலில் ஒன்று.

"மாப்பிள்ளையோட அம்மாவுக்கு நல்ல கப்பு வர நாலுக்கு மூணு வாய்ப்பு. பயப்படாத," என்று சுதாவைத் தேற்றினேன். (மற்ற ஐந்து பேர்? அவர்களுக்கு நான் கணக்கே போடவில்லை.)

சுதா தட்டை நேராக அந்த அம்மாவிடம் நீட்டினாள்.

"மொதல்ல அவங்களுக்குக் குடும்மா. நான் அப்புறம் எடுத்துக்கறேன்."

தட்டு சுற்றியது. மாப்பிள்ளை எடுத்தது நல்லது. அவர் அப்பா, சித்தப்பா, சித்தி, அத்தை என்று ஐந்து பேருக்கும் நல்லதே! நீலப்பூ நான்கு, வெள்ளை ஒன்று. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்புறம்தான் தட்டைப் பார்த்தேன். மிச்சம் மூன்று. அதில் இரண்டு ஒட்டியவை. நாலில் ஒன்று எப்போது மூன்றில் இரண்டு ஆனது?

அந்த அம்மாவின் கை வெள்ளைப் பக்கம் போனது. (அங்கே பாதிக்குப் பாதி.) "பூப் போட்டது அழகா இருக்குதே" என்று திரும்பியது. நீலப்பூவில் மிச்சம் ஒன்றுதான். அது எது என்று நான் சொல்ல வேண்டுமா?

தூக்கினார். காது கையில், கப்பு தரையில், டீ மாப்பிள்ளை வேட்டியில்.

தலைகுனிந்து நின்ற சுதா, "எங்கண்ணன் கணக்கு போட்டுத்தாங்க ஒட்டுச்சு," என்றாள். சொல்லி முடிப்பதற்குள் சிரித்தும் தொலைத்தாள்.

மாப்பிள்ளை வேட்டியை உதறிக்கொண்டே தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். "எடுத்த கப்பு தட்டுக்குத் திரும்பி வருமா மச்சான்? ஒவ்வொண்ணா போகப் போகக் கணக்கு மாறாதா?"

கணக்கு தப்பானது எனக்கு உறைக்கவே இல்லை. 'மச்சான்' என்றாரே, அது மட்டும்தான் கேட்டது.

இன்றைக்கும் எங்கள் வூட்டில் டீத்தட்டைக் கண்டதும் அந்த அம்மா எல்லோரையும் முந்திக் கை நீட்டுவார். "எட்டும் இருக்கறப்பவே எடுத்துக்கறேன் தம்பி. அன்னைக்குக் கடைசியா எடுத்து, காதோட சேர்ந்து மருமவளும் வந்துட்டா!"