சம்மதம் தர ஒரு புருஷன்

கோப்பாய்க் குணலட்சுமிக்கு மூன்று பரப்புத் தோட்டக்காணி இருந்தது. தகப்பன் கொடுத்த சீதனம். எங்கள் தேசவழமைச் சட்டம் பெண்களை மிகவும் மதிப்பது. மனைவியின் காணி மனைவிக்கே என்கிறது. விற்பதற்கு மட்டும் புருஷன் சம்மதிக்க வேண்டும்.

எண்பத்தைந்தாம் ஆண்டு. ஆமி பிடிக்க முந்தி மகன் தயாபரனைக் கனடாவுக்கு அனுப்பிவிடக் காணியை விற்க நினைத்தாள். புருஷன் நமசிவாயமோ உலகத்தைத் துறந்து தொண்டைமானாற்றுச் சந்நிதி மடத்தில் இருந்தார். பஸ் ஏறிப்போய்க் கேட்டாள்.

"மண்ணாசையை விட்டிட்டன், குணம். காணி உறுதியிலை கையெழுத்து வைச்சால் திரும்பவும் வந்து ஒட்டும்."

"சோத்தாசை?"

"அது முருகன் தாறது," என்று மடத்துச் சோற்றைப் பிசைந்தார்.

அப்புக்காத்து கனகசபாபதி சட்டப் புத்தகத்தைப் புரட்டினார்.

"புருஷனுக்குப் பதிலாய்க் கோட்டிலை நீதிபதி சம்மதம் தரலாம். அவர் உம்மை விட்டிட்டுப் போனவரோ?"

"இல்லை ஐயா. தைப்பொங்கலுக்கு வந்து சாப்பிட்டிட்டுத்தான் போவார்."

"பொலிஸ் பிடிச்சு மறியலிலை இருக்கிறாரோ?"

"முருகன்தான் பிடிச்சு வைச்சிருக்கிறார்."

"அது கணக்கிலை வராது. அப்ப பைத்தியம்தான், வேறை வழியில்லை."

நீதிமன்றத்தில் நமசிவாயம் நெஞ்சுவரை தாடியோடு கைகட்டி நின்றார்.

"காணியை விற்க ஏன் சம்மதிக்கவில்லை?" என்றார் நீதிபதி.

"எல்லாம் மாயை, ஐயா. காணியும் மாயை, கோடும் மாயை, நீங்களும் மாயை."

கனம் நீதிபதி அவர்கள் முதல் இரண்டையும் பொறுத்துக்கொண்டார். மூன்றாவதைக் கேட்டதும் பேனையை எடுத்தார். நமசிவாயம் சித்தசுவாதீனம் அற்றவர் எனத் தீர்ப்பாகியது. காணி விலைப்பட்டது, தயாபரன் விமானம் ஏறினான்.

அடுத்த மாதமே கோப்பாயில் ஆம்பிளைகள் தாடி வளர்க்கத் தொடங்கினார்கள். சங்கக்கடை வரிசையில் வைத்தே பராசக்தி தன் புருஷனுக்குப் பாடம் சொன்னாள்:

"நீதிபதியும் மாயை எண்டு மறக்காமல் சொல்லுங்கோ."

"ஏன், நானே கையெழுத்து வைக்கிறனே?"

"வைச்சால் அதைச் சொல்லியே அரைவாசிக் காசை வாங்கி உங்கடை தங்கச்சிக்குக் குடுத்திடுவியள். பேசாமல் பைத்தியமாய் இருங்கோ."

மகன் போய்ச் சேர்ந்த செய்தி வந்ததும் குணலட்சுமி சந்நிதி முருகனுக்கு ஒரு கற்பூரம் கொளுத்திவிட்டு, வாழைக்குலையோடு அப்புக்காத்து வீட்டுக்குப் போனாள். அவர் சாய்மனைக் கதிரையில் மலர்ந்துபோய் இருந்தார்.

"பாத்தீரே, சட்டத்திலை ஒரு எழுத்தும் மாத்தாமல் சமூகத்தையே மாத்திப்போட்டன்."

குலையை வாங்க வந்த அவர் மனைவி சிவக்கொழுந்து ஆறுதலாகச் சொன்னாள்:

"இஞ்சேருங்கோ, என்ரை கொக்குவில் காணிக்கு ஆள் வந்திருக்கு. நாளையிலை இருந்து நீங்கள் சவரம் செய்ய வேண்டாம்."