எங்கள் வீட்டு அலமாரி தேக்கு இல்லை

றக்வான,
சனிக்கிழமை.

கரவனெல்லையில் இருக்கும் அன்பு மச்சான் கிருஷ்ணகுமார் அவர்களுக்கு, கன்னையா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் தங்கை மருதாயியும் சுகம். உங்கள் முழங்கால் வலி இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் மருதாயி இடையில் புகுந்து கதையைத் தன் பக்கம் திருப்பிவிடுவாள். ஆகவே கடிதம்.

முதலில் நல்ல செய்தி. நான் பொலிஸில் இல்லை, வீட்டில்தான் இருக்கிறேன்.

நம் தோட்டத்துப் பெரிய பங்களாவை ஹோட்டலாக்குகிறார்கள். மனேஜராக வந்திருப்பவர் நிரோஷன் என்று ஒரு தம்பி. அவர் கையில் பழைய சாமான் பட்டியல் ஒன்று. 'தேக்கு அலமாரி, வார்னிஷ் பூசியது, 1958, வெளியே சரிந்த கால் நான்கு' என்று அதில் இருக்கிறதாம், பங்களாவில் அலமாரி இல்லையாம். செவ்வாய்க்கிழமை எங்கள் லயத்து வீடுகள் பக்கம் வந்தவர் திறந்திருந்த கதவு வழியாக நம் வீட்டு அலமாரியைக் கண்டுவிட்டார். முப்பது வருடத்துக்கு முன் மாற்றலாகிப் போன தோட்ட ஆபீஸ் கிளாக்கரிடம் நான் வாங்கியது. அதே காலத்து வேலைப்பாடு, அதே சரிந்த கால். வாங்கியதற்கு ஒரு துண்டுக் கடதாசிகூட என்னிடம் இல்லை.

"ஐயா, இது பங்களாச் சாமான். வெள்ளிக்கிழமைக்குள்ள திருப்பிக் குடுத்துருங்க. இல்லாட்டி பொலிஸ்ல என்ட்ரி போட வேண்டி வரும்" என்றார்.

மச்சான், முப்பத்தெட்டு வருடம் தேயிலைப் பெக்டரியில் வேலை செய்து ஒரு பிடி தூள் எடுத்து வராதவன் நான். அந்த நேரம் பக்கத்து வீட்டு விஜயகலா ஓடிவந்து, எனக்கு உதவுவதாக நினைத்து, "அசல் தேக்குதாங்க தம்பி! கன்னையா அண்ணன் எங்ககிட்டயே நூறு தடவ சொல்லியிருக்காரு" என்று சாட்சி சொன்னாள். கூடி நின்ற அத்தனை பேரும் ஆமாம் போட்டார்கள். வாஸ்தவம், சொல்லியிருக்கிறேன். கிளாக்கர் எனக்குச் சொன்னதை நான் ஊருக்குச் சொன்னேன்.

அடுப்படியிலிருந்து மருதாயி, "பலாப்பலகை, பலாப்பலகைன்னு நானுந்தான் கத்துறேன். எங்கப்பா வீட்டுக் கதவும் இதே மரந்தான். யாரு கேட்டா?" என்றாள். முப்பது வருடத்தில் முதல் தடவையாக அவள் சொல்வது உண்மையாக இருக்க வேண்டும் என்று சாமியைக் கும்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை டவுனில் பழைய தளபாடக் கடை வைத்திருக்கும் முஹ்ஸின் நானாவைக் கூட்டிவந்தேன். நிரோஷனும் பட்டியலோடு வந்தார். "வெளிப்பக்கத்தப் பாத்து மரத்தச் சொல்லேலா தம்பி, அது பொலிஷ்ட நெறம்" என்ற நானா, அலமாரியின் கீழ் லாச்சியை வெளியே இழுத்துக் கழற்றிக் கவிழ்த்தார். பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து, கண்ணில் படாத ஒரு மூலையில் தேய்த்தார். பஞ்சு பழுப்பாகிப் பிசுபிசுத்தது. "பாருங்க, கரையிது. வார்னிஷ் இப்புடிக் கரையாது. இது சாயம் கலந்த அரக்குப் பொலிஷ்." பிறகு கத்தியால் லேசாகச் சுரண்டினார். உள்ளே மஞ்சள். "தேக்கெண்டா கைக்கு எண்ணெய்ப் பிசுக்கா இரிக்கும், தோல் வாசம் அடிக்கும். இது நல்ல பலா." அவர் சொன்ன ஒவ்வொன்றையும் நான் இன்னொரு முறை உரக்கச் சொன்னேன்.

நிரோஷன் மோந்து பார்த்தார், பட்டியலைப் பார்த்தார், மறுபடி மோந்தார். "அப்ப இது தேக்கு இல்லையா?"

"இல்லவே இல்லைங்க!" என்று கத்தினேன். வாழ்க்கையில் எதையும் இவ்வளவு சந்தோஷமாக நான் மறுத்ததில்லை. விஜயகலா என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் போகட்டும். நிரோஷன் என் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார், தேத்தண்ணி குடித்தார். மூன்று நாளாக இறங்காத சோறு எனக்கு அன்றைக்குத்தான் இறங்கியது.

மருதாயி அலமாரியைக் கடக்கும்போது ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போகிறாள், அவ்வளவுதான்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். உங்கள் வீட்டு வாசலுக்கு ஒரு வீண்பழியும் வராமல் முருகன் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
க. கன்னையா

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது நிரோஷன் தம்பி வந்தார். பங்களாவில் இன்னும் நாற்பது மேசை நாற்காலி கிடக்கிறதாம். எது என்ன மரம், என்ன பூச்சு என்று எழுதித் தர ஆள் வேண்டுமாம். "மரம் தெரிஞ்ச ஆளு நீங்கதாங்க ஐயா" என்றார். அடுத்த மாதம் முதலாம் திகதி வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். மஹோகனி எப்படியிருக்கும் என்று உடனே எழுதுங்கள். மருதாயியிடம் நான் கேட்க மாட்டேன்.