நித்திலம் என்றே எழுதுங்கள்

முத்தை முத்து என்று சொன்னால் மனம் புண்படுகிற மனிதர்களை நீங்கள் அறிவீர்கள். ஊருக்கு ஒருவர் உண்டு. எங்கள் தீவில் மரைன் ஹில்லுக்கு வாய்த்தவர் ஜெகநாதன். ஒரு பழைய சொல் கண்ணில் பட்டால், அது எந்த நூற்றாண்டில் எந்தக் கல்லில் வெட்டப்பட்டது என்று யாரிடமாவது சொல்லி முடிக்கும்வரை அவருக்குத் தேநீர்கூட இறங்காது. அறிவாயிற்றே, வீட்டில் பூட்டி வைக்கலாமா?

சென்ற மார்ச் பதினொன்று, பகல் 1.40. ஜெட்டி அலுவலகம். மாயாபந்தருக்குத் திரும்பவிருந்த ராசம்மா, மறுநாள் மகள் புஷ்பாவின் கல்யாணத்துக்கு வைத்திருந்த முத்துமாலையைக் காலையில் பயணிகள் கூடத்தில் தவறவிட்டிருந்தார். மாலை, குமாஸ்தா சுரேந்திரனின் இழுப்பறையில் பத்திரமாக இருந்தது. அடையாளம் எழுதிக் கொடுத்தால் போதும். ஊருக்குப் போகும் கப்பல் 2.30க்கு.

வரிசையில் அடுத்து நின்றவர் யார்? நம்மவர்தான்.

"குடும்மா, நான் எழுதறேன். முத்துன்னு எழுதலாமா? நித்திலம்! சங்கப் பாட்டிலயே இருக்கு. சோழர் கல்வெட்டுல வட்டம், அனுவட்டம், குறுமுத்து, சப்பத்தின்னு ரகம் ரகமா..."

"ஐயா, ஜஹாஸ் போயிரும்யா."

"ஆயிரம் வருஷமா நிக்கிற சொல்லும்மா. அரைமணி நிக்கட்டும்."

'வட்டமும் அனுவட்டமுமாகிய உயர்ந்த நித்திலம் கோத்த வடம் ஒன்று' என்று மனு முடிந்தபோது 2.05. சுரேந்திரன் மாலையை எடுத்தான். ராசம்மாவின் கைக்கு முன்னால் ஜெகநாதனின் கை போயிற்று. ஒரு மணியைப் பல்லில் உரசினார். வழுக்கியது; அசல் முத்தென்றால் நறநறத்திருக்கும்.

"நித்திலமே இல்ல! பிளாஸ்டிக்!" என்று அறிவித்தார். குரலில் அப்படி ஒரு வெற்றி.

சுரேந்திரன் மாலையை வாங்கி உள்ளே வைத்தான். "அரே, மனுவுல அஸ்லி முத்துன்னு எழுதியிருக்கு. இது நக்லி. அப்ப இது வேற யாரோடதோ, மாஜி."

2.16. ராசம்மா மனுவை வாங்கி நாலாய்க் கிழித்தார்.

"நக்லிதான் பய்யா. அபர்தீன் பஜார்ல எண்பது ரூபா. கொக்கி ஒடஞ்சு செவப்பு நூல் கட்டியிருக்கேன், பாருங்க."

பார்த்தான். செவப்பு நூல்தான். கொடுத்துவிட்டான்.

"பெரியவரே, பல்லுல வெச்சு, கல்யாணத்துக்கு முன்னாடி இதைக் கழுவ வெச்சுட்டீங்களே!" என்று சொல்லிக்கொண்டே ஓடி, கப்பல் ஏணியை எடுக்கும் முன் ராசம்மா ஏறிவிட்டார்.

ஜெகநாதன் வெட்கப்பட்டாரா? போலி மணிக்குச் சோழர் என்ன பெயர் வைத்திருப்பார்கள் என்று சுரேந்திரனிடம் ஆராயத் தொடங்கினார். வரிசையில் பதினேழு பேர்.

நீங்கள் அப்படிப்பட்டவர் அல்லர்தான். ஆனால் இதைப் படிக்கும்போது, 'முத்துக்குத் தரளம் என்ற சொல்லும் உண்டே, அதை ஏன் விட்டுவிட்டார்?' என்று ஒரு கணம் துடித்தீர்களா? துடித்திருந்தால், தயவுசெய்து கப்பல் நாட்களில் ஜெட்டிப் பக்கம் வராதீர்கள்.