ஊசியக்கா தைத்த கடைசி அத்தியாயம்

யாழ்ப்பாணத்தில், மானிப்பாய்ப் பக்கத்தில் பதினேழு, பதினெட்டு வயதில் ஒரு நாவல்கூடப் படிக்காத பெண் எவளாவது இருந்தால், அவள் ரெடிமேட் சட்டை வாங்கிப் போடுகிறவளாகத்தான் இருப்பாள். தைத்துப் போடுகிறவள் ஊசியக்காவிடமிருந்து தப்பியிருக்கவே முடியாது.

அவருக்கும் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எங்களுக்குத் தெரியாது. வாயில் எப்போதும் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டிருப்பார். அப்படியே கதைப்பார், சிரிப்பார், தேநீரும் குடிப்பார். ஒரு ஊசிகூடக் கீழே விழாது, உள்ளேயும் போகாது. அவருடைய தையற்கடையின் ஒரு சுவர் முழுக்கத் துணி, எதிர்ச் சுவர் முழுக்க நாவல். எதை எடுப்பது என்று தீர்மானிக்கும் உரிமை நமக்குத் துணிச் சுவரில் மட்டும்தான்.

அவர் அளவெடுப்பது பொலிஸ் விசாரணை மாதிரி.

"எடியே, நிமிர்ந்து நில். கடைசியா எப்ப அழுதனி?"

"அழேல்லையக்கா."

"பொய். கையைத் தூக்கு. வீட்டிலை ஆரோடை கோவம்?"

கைச்சுற்று எடுத்து முடிவதற்குள் நமக்கான நாவல் முடிவாகிவிடும். தோளைக் குறுக்கிக்கொண்டு நிற்பவளுக்கு, ஒருவருக்கும் சொல்லாமல் கப்பலேறிப் போகும் பெண்ணின் கதை. கண்ணாடியை விட்டுக் கண்ணெடுக்காதவளுக்கு, அழகான கதாநாயகன் முதல் அத்தியாயத்திலேயே செத்துப்போகும் கதை. கணிதப் பிரிவில் படித்த என் சிநேகிதிக்கு, செங்கல் கனத்தில் ஒரு ருஷ்ய நாவலின் மொழிபெயர்ப்பு. அதில் ஒவ்வொருவருக்கும் மூன்று பெயர். பாதிக்கு மேல் போன பிறகுதான், தான் காதலித்த ஆளும் தான் வெறுத்த ஆளும் ஒரே ஆள் என்று அவளுக்குப் பிடிபட்டது.

"மெல்லிசா ஒண்டு தாங்கோ அக்கா, ஏ.எல். சோதினை வருது" என்று கெஞ்சிப் பார்ப்போம்.

"சோதினை வருசா வருசம் வரும். உனக்குப் பதினெட்டு வயசு திரும்பவும் வருமோ?"

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக் கூடியவை. தையல்தான் கொடுமை. புத்தகத்தை வாங்கியதும் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, ஆர் ஆரைக் கட்டியது என்று பார்த்துவிடும் பழக்கம் எங்களிடம் இருந்தது. ஊசியக்கா ஒருநாள் அதைக் கண்டுவிட்டார். அன்றிலிருந்து எல்லா நாவல்களின் கடைசி அத்தியாயத்தையும் சுற்றிவரச் சிவப்பு நூலால் தைத்துத்தான் கொடுத்தார். மிச்சத்தைப் படித்துவிட்டுக் கடைக்குப் போய், இனி என்ன நடக்கும், ஏன் நடக்கும் என்று அவரோடு சண்டை பிடிக்க வேண்டும். நாம் சொல்வது பிழையாக இருக்கலாம், ஆனால் சண்டை நல்லதாக இருக்க வேண்டும். அதன் பிறகுதான் கத்தரிக்கோல் வரும். "தெரியாதக்கா" என்றவளுக்கு முடிவும் இல்லை, தைக்கக் கொடுத்த சட்டையும் இல்லை. அப்படி ஒருத்தி பரிசளிப்பு விழாவுக்குத் தமக்கையின் தொளதொளத்த வெள்ளைச் சட்டையில், அதைப் பின்னால் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மேடையேறினாள்.

எங்கள் குடும்பத்தில் ஏ.எல்., அதாவது உயர்தர வகுப்பு, வரைக்கும் வந்த முதல் ஆள் நான். இதை எழுதும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிர்கிறது, நிமிரட்டும். அம்மாவின் படிப்பு இடப்பெயர்வுகளுக்குள் மூன்றாம் வகுப்போடு நின்றுபோனது. அதனால் என் படிப்பை அவர் அடைகாத்த முட்டை மாதிரிக் காவல் காத்தார்.

எனக்கு ஊசியக்கா அளந்து தந்தது, உப்பளத்தில் வேலை செய்து தனியாக மகளை வளர்க்கும் ஒருத்தியின் கதை. விட்டுவிட்டு ஓடிய புருசன் பத்து வருடம் கழித்து வாசலில் வந்து நிற்கிறான். அந்த இடத்தில் தையல். எனக்குச் சோறு இறங்கவில்லை. பாடப்புத்தகத்தின் முன்னால் இருந்து அழுதேன். நித்திரையில் "கதவைத் திறக்காதை" என்று கத்தினேனாம்.

அம்மா என் தலையணையைத் தூக்கிப் பார்த்தார். கீழே சிவப்பு நூலால் இறுக்கித் தைத்த ஒரு பொருள். எங்கள் ஊரில் இதற்கு ஒரே அர்த்தம்தான்: செய்வினை.

நான் ரியூசன் முடிந்து வந்தபோது முற்றத்தில் சுளகு. சுளகில் வேப்பிலை. வேப்பிலைமேல் நாவல். நாவல்மேல் ஒரு தேசிக்காய், பச்சை எலுமிச்சை. பக்கத்தில் அம்மா, மண்ணெண்ணெய்ப் போத்தலும் நெருப்புப் பெட்டியுமாக.

"அம்மா, கொளுத்தாதேங்கோ! உது கதைப்புத்தகம்!"

"கதைப்புத்தகத்தை ஆரடி தைக்கிறது?"

"ஊசியக்கா."

"அவளுக்கு எங்கடை குடும்பத்திலை என்ன எரிச்சல்?"

நான் சொன்னது ஒன்றும் அவர் காதில் ஏறவில்லை. இனி அந்தக் கடை வாசலை மிதிக்கக் கூடாது, பாடப்புத்தகம் தவிர வேறு புத்தகம் வீட்டுக்குள் வரக் கூடாது என்று தீர்ப்பாகிவிட்டது. நாவல் எரிந்திருக்கும். காப்பாற்றியது அம்மாவின் நம்பிக்கைதான்: செய்வினையைக் கட்டியவளே அவிழ்த்தால்தான் முழுசாகப் போகும். நான் சைக்கிளை மிதிக்க, பின்னால் அம்மா, அவர் மடியில் உரப்பைக்குள் நாவல், வேப்பிலை, தேசிக்காய்.

"தங்கச்சி, நீ கட்டினதை நீயே அவிழ்" என்றார் அம்மா, கடைக்குள் நுழைந்ததும்.

ஊசியக்கா பைக்குள் எட்டிப் பார்த்தார். "ஏலாது அக்கா. உங்கடை மகள் இன்னும் முடிவு சொல்லேல்லை."

"என்ன முடிவு?"

நான் கதையைச் சொன்னேன். புருசன் வாசலில் வந்து நின்ற இடத்தில் அம்மா தேசிக்காயைத் தையல் மெசின்மேல் வைத்தார்.

"பத்து வருசமோ? ஒரு சதமும் அனுப்பேல்லையோ?"

"இல்லையம்மா."

"பேந்தென்ன கேள்வி? கதவைச் சாத்தட்டும்!"

"மனுசன் பசியோடை நிக்கிறான் அக்கா" என்றார் ஊசியக்கா.

அம்மா கொஞ்சம் யோசித்தார். "அப்ப சோத்தைக் குடுக்கட்டும். தின்னட்டும். பேந்து சாத்தட்டும்."

ஊசியக்கா வாயிலிருந்த குண்டூசிகளை எல்லாம் உள்ளங்கையில் துப்பினார். அவர் வாயை ஊசியில்லாமல் நான் பார்த்தது அன்றைக்குத்தான். கத்தரிக்கோலை அம்மாவிடம் நீட்டினார்.

அம்மா வெட்டினார். நான் உரத்து வாசித்தேன். கதையில் அவள் ஒரு கேள்வியும் கேளாமல் அவனை உள்ளே கூப்பிட்டு, கால் கழுவத் தண்ணீர் கொடுத்தாள்.

"விசரி!" என்று அம்மா புத்தகத்தைப் பார்த்துக் கத்தினார். "உதை எழுதினது ஆம்பிளையோ?"

"ஓமக்கா."

"அதுதானே பாத்தன்."

சாறிக்குச் சட்டை தைக்க வந்திருந்த ஒருவர் அந்தப் புருசனுக்காகப் பரிந்து பேசி, அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். ஊசியக்காவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அளவு நாடாவைக் கழுத்திலிருந்து கழற்றிக் கழற்றிப் போட்டுக்கொண்டார்.

திரும்பி வரும்போதும் நான் சைக்கிளை மிதிக்க, பின்னால் அம்மா. கடைக்கு இனி என்னை விடுவாரா மாட்டாரா என்று கேட்கவும் எனக்குப் பயம். சந்தி தாண்டியதும் முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

"பொம்பிளையள் எழுதின கதை அவளிட்டை இருக்கோ?"

"கனக்க இருக்கம்மா."

"வாற கிழமை ஒண்டு எடு. நான் சமைக்கேக்கை நீ இருந்து வாசி."

"அப்ப சோதினை?"

"அதையும் படி."

அதையும் படித்தேன். இப்போது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் அறையெடுத்துப் பல்கலைக்கழகம் போகிறேன். ஒரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும்: ஊசியக்கா தைத்த சட்டை ஒன்றுகூட எனக்கு இதுவரை அளவாக இருந்ததில்லை. என் அறைக்கு எதிரிலேயே நல்ல தையற்கடை ஒன்று இருக்கிறது. நான் துணியை எடுத்துக்கொண்டு பஸ் மாறி மாறி மானிப்பாய்க்குத்தான் போகிறேன்.