ஊனமில்லாத கருணை

கருணை எந்த ஊரில் விளைகிறது என்று யாரேனும் கேட்டால் திண்டுக்கல் என்று தயங்காமல் சொல்லலாம். பூட்டும் புகையிலையும் அதற்கு அப்புறந்தான். 1958-இல் அங்கே 'ஜீவகாருண்ய சங்கம்' உதயமாயிற்று. தலைவர், புகையிலை வியாபாரி சுருளிவேல். அவருடைய பழைய புகையிலைக் கிட்டங்கியில் ஒரு குருட்டு நாய், சொறி பிடித்த கழுதை, அய்யலூர்ச் சந்தையில் விலைபோகாமல் விட்டுவிட்டுப் போன நொண்டிக் கிடா ஆகியோர் 'நிரந்தர விருந்தினர்களாக' வாழ்ந்தனர். அவர்களுக்குத் தழை போட்டுக் கழுநீர் வைப்பது மாயம்மாளின் வேலை.

சங்கம் 'தத்தெடுப்பு விழா' நடத்தியது. பிரமுகர்கள் மாலையும் கழுத்துமாக வந்தார்கள்.

"நாய் காவல் காக்குமா?" என்றார் ஒருவர்.

"கண்ணு தெரியாதுய்யா. சத்தம் கேட்டா வாலாட்டும்" என்றாள் மாயம்மாள்.

"திருடன் வந்தா?"

"யாரு வந்தாலும் ஆட்டும்யா. அதுக்கு வேத்துமுகம் கெடையாது."

பிரமுகர்கள் கண்கலங்கினார்கள். காப்பி குடித்தார்கள். போட்டோ எடுத்துக்கொண்டு வெறுங்கையோடு போனார்கள். மாயம்மாளுக்கு அதில் வருத்தமே இல்லை. கிடாவின் மேல் அவளுக்கு அம்புட்டு உசிர்.

பிறகு ஒருநாள் மாட்டு டாக்டர் வந்து கிடாவின் காலுக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். கட்டைப் பிரித்ததும் கிடா துள்ளியது. தலைவரும் ஏறக்குறையத் துள்ளினார்.

"இத நானே தத்தெடுத்துக்கிறேன்" என்றார். சங்கம் கை தட்டியது.

"கொண்டுபோயி என்னய்யா செய்வீக?" என்றாள் மாயம்மாள்.

"வெள்ளிக்கிழமை குலசாமிக்கு வெட்டு இருக்குல்ல? ஊனம் இருந்தா சாமி ஏத்துக்கிடாது. அதான் டாக்டருக்கு ஆள் அனுப்பினேன்."

தலைவர் போனதும் மாயம்மாளுக்கு ஒன்று உறைத்தது. இத்தனை நாள் கிடாவைக் காப்பாற்றியது சங்கம் இல்லை, அந்த நொண்டிக் கால்தான். தழை அறுக்கும் அரிவாளை எடுத்தாள். "பொறுத்துக்கப்பு" என்று சொல்லி, அழுதுகொண்டே கிடாவின் காது நுனியை அறுத்தாள். மஞ்சளைக் குழைத்துப் பூசினாள்.

கிடாவைக் கொண்டுபோக வந்த தலைவர் திகைத்து நின்றார்.

"காது எங்க?"

"மூளியாயிருச்சுய்யா. இனி சாமிக்கு ஆகாது."

"யாரு அறுத்தது?"

"நாந்தேன்."

வெள்ளிக்கிழமை கோயில் பந்தியிலேயே சங்கத்தின் அவசரக் கூட்டம் நடந்தது. வாயில்லா ஜீவனைச் 'சித்திரவதை' செய்த மாயம்மாளைக் கண்டித்தும், வேலையிலிருந்து நீக்கியும் ஏகமனதாகத் தீர்மானம் போட்டார்கள். மூளிக் கிடாவை யாரும் கேட்காததால் அதையும் அவளே ஓட்டிப்போனாள். குருட்டு நாய் கூப்பிடாமலே பின்னால் போயிற்று.

பந்தியில் தீர்மானத்தைப் படித்து முடித்த தலைவர் துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

"காதுன்னா அதுக்கும் வலிக்கும்ல?" என்றார்.

அந்த வேதனையில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. அவசரமாக வாங்கிவந்து வெட்டிய வேறொரு கிடாவின் நல்லி எலும்பை மட்டும் உறிஞ்சிவிட்டு எழுந்தார்.