பத்து காசுச் சிநேகிதர்

காக்கிச் சட்டையைப் போட்ட நாள்முதல் தங்கையாவைக் கண்டாலே கார்கள் வேகம் பிடித்தன.

மலாயாவின் மெர்லிமாவ் கடைத்தெருவில் கார் நிறுத்தினால் பத்து காசு. ஊரை நிர்வகிக்கும் டவுன் போர்டுக்காக ரசீது கிழித்து அதை வாங்குவதுதான் அவர் வேலை. மனைவி மங்களம் போய்ச் சேர்ந்து ஏழு வருஷம். வீட்டில் பேச்சுத்துணைக்குச் சுவர்தான். நாலு மனுஷரோடு பேசலாமே என்றுதான் இந்த வேலையைக் கேட்டு வாங்கினார்.

ஆனால் அது, காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளைப் பிடிக்க வெள்ளைக்காரச் சர்க்கார் போட்ட அவசரகாலம். காக்கிச் சட்டை, கையில் நோட்டு, அதில் கார் நம்பர்! ஊர் மிரளாமல் என்ன செய்யும்? காளியம்மாவின் தேத்தண்ணிக் கடையில் அவர் உட்கார்ந்தால் பெஞ்சு காலியாகிவிடும்.

"ஏன் காளியம்மா, நான் என்ன பேயா?"

"இல்லண்ணே, எல்லாருக்கும் அவசர வேல," என்பாள், அடுப்பைப் பார்த்தபடி.

போர்டு ஆபீசில் கணக்கெழுதும் கிராணி யோசனை சொன்னார்: "சட்டையைப் பாத்துத்தான்யா பயப்படறாங்க. வேட்டி கட்டிட்டு நில்லு."

வேட்டியில் நின்று நம்பர் எழுதினார். சட்டையும் போய்விட்டது, காட்டுக்காரர்களுக்குத் துப்புச் சொல்கிற ஆளேதான் என்று ஊர் முடிவுகட்டியது. கார்கள் அடுத்த தெருவுக்குப் போயின.

சரி, சிரித்துப் பேசிப் பார்ப்போம் என்று ஒரு லாரியை நெருங்கினார். "எங்கப்பா போற? வண்டியில என்ன?"

ஒரு படி அரிசி கூடுதலாக இருந்தாலே, காட்டுக்குப் போகிறது என்று உள்ளே தள்ளும் காலம். லாரி வந்த வழியே பறந்தது.

தனபாலன் ஒருவர்தான் தினமும் பழைய கறுப்புக் காரை நிறுத்தி, பத்து காசு கொடுத்து, நின்று பேசுவார்.

"சொந்த ஊரு எதுண்ணே? வீட்டுக்கு யாரெல்லாம் வருவாங்க?"

"யாரும் வரமாட்டாங்க தம்பி."

"சாயங்காலம் எங்க போவீங்க?"

"எங்கயும் போறதில்ல."

ஏழு வருஷமாக யாரும் கேட்காத கேள்விகள். அந்த நோட்டைக்கூடத் தனபாலன் வாங்கி, ஒரு பக்கம் விடாமல் படித்தார். மூன்று மாதத்தில் அவரில்லாமல் பொழுது விடியாது என்றாகிவிட்டது.

"தீபாவளிக்கு வீட்டுக்கு வாங்க தம்பி."

"பாப்போம்ண்ணே."

தீபாவளியன்று ஆட்டுக்கறி சமைத்து, இரண்டு இலை போட்டு, வாசலிலேயே காத்திருந்தார். மத்தியானம் போனது. ஓர் இலையைச் சுருட்டி வைத்துவிட்டுத் தனியாகச் சாப்பிட்டார்.

மறுநாள் தெருவிலும் கறுப்புக் கார் இல்லை. அதைவிட அதிசயம், காளியம்மாவே தேத்தண்ணியோடு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"குடிங்கண்ணே. காசு வேணாம்லா."

"தனபாலன் தம்பிக்கு உடம்புக்கு ஏதும் முடியலையா? உனக்குத் தெரியுமா?"

"அந்தப் போலீஸ்காரரா? நீங்க காட்டுக்காரங்க ஆளோன்னு சந்தேகப்பட்டு நாங்கதாண்ணே போலீசுல பெட்டிசன் போட்டோம். மூணு மாசம் ஒங்கள வேவு பாத்துட்டு, நீங்க நல்லவருன்னு எழுதிக் குடுத்துட்டாராம், இனிமே எதுக்கு வரப்போறாரு?"